திரிந்த நிலத்தின் நிறங்கள்

ஃப்ளை கெய்சர் என்ற பெயரை அறியாதவர்களும் அதன் படத்தை எங்கேனும் கண்டிருக்கக்கூடும். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வழியும் கூம்புகள், அவற்றின் உச்சியிலிருந்து பீறிடும் வெந்நீர், பின்னணியில் மரமற்ற மலைத்தொடர். வேற்றுக் கோளொன்றில் எடுத்த படம் என்று சொன்னால் நம்பிவிடலாம். ஆனால் இது இருப்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலையின் ஓரத்தில், கெர்லாக் என்ற சிற்றூருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில். இயற்கையின் அற்புதம் என்று பலரும் எழுதும் இந்த ஊற்றை வெளியே கொண்டுவந்தது மனிதன் இட்ட ஒரு துளை.

அதன் கதை எளியது. 1916ஆம் ஆண்டில் பாசனத்துக்கு நீர் வேண்டி அந்தப் பண்ணை நிலத்தில் கிணறு தோண்டினார்கள். வந்த நீர் பயிருக்கு ஆகாத அளவுக்குக் கொதித்தது. அதைக் கைவிட்டார்கள். கைவிட்ட கிணற்றின் வாயில் சுண்ணாம்பு படிந்து படிந்து ஆளுயரத்தையும் விஞ்சிய ஒரு கூம்பு எழுந்தது. பின்னர் 1964இல் புவிவெப்ப ஆற்றல் தேடி வந்த ஒரு நிறுவனம் அதே நிலத்தில் இன்னொரு துளையிட்டது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸ். கடல்மட்டத்துக்கு 1,200 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்தில் இது கொதிநிலையை நெருங்கும் வெப்பம்தான். எனினும் மின்சாரம் எடுக்க அது போதவில்லை. பாசனத்துக்கு மிகையான வெப்பம், மின்சாரத்துக்குக் குறைவான வெப்பம். அந்தத் துளையும் சரிவர அடைபடவில்லை. நீர் பீறிட்டது, இன்றுவரை நிற்கவில்லை. புதிய ஊற்று அழுத்தத்தையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொள்ள, பழைய ஊற்று வற்றிப்போனது.

கெய்சர் என்ற சொல் ஐஸ்லாந்தின் கெய்சிர் என்னும் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. நம் குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரும் அதன் வழித்தோன்றலே. முறையான கெய்சர் அடங்கியிருந்து, அழுத்தம் திரண்டதும் பொங்கி, மீண்டும் அடங்கும். நெவாடாவின் இந்த ஊற்றோ அடங்குவதேயில்லை. ஆகவே இலக்கணப்படி இது கெய்சர் அன்று. ஓயாது பீறிடும் ஊற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே செல்ல வாய்த்தது. சாக்ரமெண்டோவில் பணிபுரியும் என் தமக்கை மகன் முன்பதிவு செய்திருந்தான். நீண்டகாலம் தனியார் வேலிக்குள் இருந்த நிலம் அது. சாலையோரத்தில் நின்று தொலைநோக்கு லென்ஸில் பிடித்த படங்களே அப்போது பலருக்கும் வாய்த்தன. பர்னிங் மேன் விழாவை நடத்தும் அமைப்பு 2016இல் 65 லட்சம் டாலருக்கு அந்தப் பண்ணையை வாங்கியது. 2018 முதல் வழிகாட்டியுடன் நடந்து சென்று காண இயலும்.

இருபது ஆண்டுகளாகப் பாலைத்திணையை வகுப்பில் நடத்துகிறேன். பாலைவனம் ஒன்றைக் கண்ணால் கண்டது அன்றுதான். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் அந்நிலமே பாலை எனப்படும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. அது ஒரு நிலத்துக்கு நேர்ந்த கதி. காரில் செல்கையில் இந்த விளக்கம் கண்முன் விரிந்துகொண்டே வந்தது. பிளாக் ராக் பாலை ஒரு காலத்தில் லஹோன்டன் என்னும் பேரேரியின் அடித்தளம். பனியூழிக் காலத்தின் இறுதியில் அங்கே சுமார் 150 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றது. ஏரி வற்றிய தரைதான் இன்று வெண்ணிறமாக வெடித்துக் கிடக்கிறது.

அப்பேரேரியின் எச்சமான பிரமிட் ஏரி வழியிலேயே உள்ளது. பையூட் பழங்குடியினரின் நிலம் அது. நீருக்கடியில் ஊறிய ஊற்றுகளின் சுண்ணாம்பு படிந்து உண்டான பாறைகள் அங்கே நிற்கின்றன. 1867இல் டிமதி ஓ'சல்லிவன் என்ற புகைப்படக் கலைஞர் அரசு நில ஆய்வுக் குழுவோடு வந்து, ஈரக் கண்ணாடித் தகடுகளில் அவற்றைப் படமெடுத்தார். தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவவும் வேண்டும். இந்த வறண்ட காற்றில் அதை எப்படிச் செய்தார் என்று எண்ணி வியந்தேன். அப்படங்களில் நிறமில்லை. ஆயினும் கல்லின் முதுமை தெரிகிறது.

ஊற்றை அணுகியதும் முதலில் உணர்ந்தது ஓசையை. பெரிய பாத்திரத்தில் நீர் ஓயாது கொதிப்பதுபோன்ற ஓசை. அடுத்து உணர்ந்தது பசுமையை. படங்களில் இடம்பெறாத செய்தி இது: ஊற்றைச் சுற்றிலும் குளங்கள், புல்வெளி, பறவைகள். 'பாலையின் நடுவே தனித்த அதிசயம்' என்ற தோற்றம் பெரும்பாலும் சட்டகத்தின் ஓரங்களை வெட்டுவதால் கிடைப்பது.

காலைக் குளிரில் ஆவி அடர்ந்து கூம்புகளை மறைத்தது. வெயில் ஏறக் காத்திருந்தோம். முக்காலியில் காமிராவைப் பொருத்தி, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் நீர்த்துளிகள் தனித்தனி மணிகளாக உறைந்தன. கால் நொடி திறந்தால் வெண்பட்டாக வழிந்தன. இரண்டையும் கண் அவ்வாறு காண்பதில்லை. ஈரப் பரப்பில் வானம் பளபளத்து நிறங்களை விழுங்கியது. போலரைசர் வடிகட்டியைத் திருப்பியதும் பளபளப்பு நீங்கி, செம்மையும் பசுமையும் ஆழத்திலிருந்து எழுந்துவந்தன.

மருமகன் தன் கைபேசியில் எடுத்த படத்தை அங்கேயே திருத்திக் காட்டினான். சிவப்பு தீயாக எரிந்தது. "இதுல எது நிஜ நிறம் மாமா? உங்க காமிராவுல வடிகட்டி போட்டு மாத்தறீங்க. நான் எடுத்தப்புறம் மாத்தறேன். அவ்வளவுதானே வித்தியாசம்?"

கேள்வி நேர்மையானது. வடிகட்டி இருக்கும் நிறத்தின் மீதுள்ள திரையை விலக்குகிறது. நீ இல்லாத நிறத்தைச் சேர்க்கிறாய் என்றேன். அவன் ஒப்பவில்லை. எனக்கும் அந்த விடை முழுமையாகப் படவில்லை. ஏனெனில் அந்த நிறங்களே கல்லுக்கு உரியவை அல்ல. சுண்ணாம்புப் படிவின் இயல்பு வெண்மையும் சாம்பலும்தான். வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களும் பாசிகளுமே அதற்கு நிறமூட்டுகின்றன. எந்தெந்த உயிர் எங்கே வாழும் என்பதை நீரின் வெப்பம் தீர்மானிக்கிறது. நீர் வழியும் தடம் மாறினால் நிறமும் மாறும். நீர் நின்றால் நிறமும் போகும். நாம் படமெடுப்பது ஒரு பாறையை அல்ல, உயிர் வாழும் ஒரு தோலை.

இதை உணர்த்தியது, வற்றிப்போன அந்தப் பழைய கூம்பு. உயரத்தில் குறையில்லை, வடிவில் குறையில்லை. நீர் மட்டும் இல்லை. அதனால் நிறமும் இல்லை. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தனர். நான் முக்காலியை அங்கேயும் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். "இதை எதுக்கு மாமா?" என்றான் மருமகன். "இது அதோட அண்ணன்" என்றேன்.

நெவாடாவின் பிற ஊற்றுகளை எண்ணினால் இச்செய்தி இன்னும் கனக்கிறது. பியோவாவே என்ற இடம் ஒருகாலத்தில் கெய்சர்களுக்குப் பெயர்பெற்றது. 1950களின் இறுதியில் தொடங்கிய புவிவெப்பத் துளையிடலும் பின்னர் வந்த மின்நிலையமும் அவற்றை அடக்கிவிட்டன. ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளின் கதையும் அதுவே. துளையிடும் கருவி இயற்கையான ஊற்றுகளை அணைத்த அதே மாநிலத்தில், அக்கருவி விட்டுச்சென்ற ஓர் ஊற்று இயற்கையின் அற்புதமாகக் கொண்டாடப்படுகிறது. இதில் யாரைக் குறை சொல்வது? புவிவெப்ப மின்சாரம் புகையற்றது, உலகுக்கு வேண்டியதும்கூட. நான் யாருக்கும் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் அழகைக் காட்டும் படம் அதன் விலையையும் ஓரத்திலாவது காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய பின் இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டுத் துறையின் வகுப்பறையில் மாட்டினேன். வண்ணப் படத்தின் கீழே 1964 என்றும், சாம்பல் படத்தின் கீழே 1916 என்றும் எழுதினேன். வேறு விளக்கம் தரவில்லை. பாலைத்திணை நடத்தும்போது மாணவர்களின் பார்வை முதலில் நிறத்தின் மீது செல்லும், அது இயல்பு. சென்ற பருவத்தில் ஒரு மாணவி சாம்பல் படத்தைக் காட்டி, "ஐயா, இது எப்போது திரிந்தது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்கினேன்.