பித்தளைப் படி

தமிழ்நாட்டு வீடுகளில் அரிசி அளந்த படி, பித்தளையிலோ இரும்பிலோ செய்த உருளைப் பாத்திரம். வாய் விளிம்பில் தடித்த வளையமும் உடம்பில் இரண்டு மூன்று வரைகளும் இருக்கும். வளையம் வெறும் அழகுக்காக வைத்ததில்லை. தானியத்தை விளிம்போடு வழித்துவிடும்போது தேய்கிற இடம் அதுதான். விளிம்பு தேய்ந்தால் அளவு குறையும். நெற்களத்தில் புழங்கிய மர மரக்காலின் வாய்க்குப் பூண் போட்டதும் இதற்காகவே.

பழைய படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். உட்புறம் அரிசி உரசி உரசி வழவழப்பாக இருக்கும். வெளிப்புறத்தில், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய எழுத்துகள் தெரியும். பாத்திரக் கடைக்காரர் சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டி, புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர் அது. பல படிகளில் முதலெழுத்துகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். கடையில் அளந்த படிக்கு அரசு முத்திரை. வீட்டில் அளந்த படிக்குப் பெண்ணின் பெயரோ குடும்பத் தலைவரின் பெயரோ. ஒன்று ஊருக்குச் சாட்சி, மற்றொன்று குடும்பத்துக்குச் சாட்சி.

படி தனியாக நின்ற அளவு இல்லை. கீழே ஆழாக்கு, உழக்கு, உரி. மேலே மரக்கால், பதக்கு, தூணி, கலம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, நாழிதான் படி. எட்டு நாழி ஒரு குறுணி, குறுணிதான் மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். தூணிவரை எல்லாம் இரண்டிரண்டாகவே பெருகுவதால் பாதி, கால், அரைக்கால் என்று பங்கிடுவது சுலபம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். ஆனால் வாய்பாடு பொதுவாக இருந்த அளவுக்குப் பாத்திரம் பொதுவாக இல்லை. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று இடத்துக்கு இடம் கொள்ளளவு மாறியது. ஒரு ஊரின் படியை வைத்து இன்னொரு ஊரில் வியாபாரம் செய்ய முடியாது.

பாத்திரத்தை அடுத்துக் கை. ஒரே படியில் ஒரே அரிசியை அளந்தாலும் அளக்கிற கையைப் பொறுத்து அளவு மாறும். படியைத் தட்டிக் குலுக்கினால் மணிகள் நெருங்கி உட்காரும், கூடுதலாகப் பிடிக்கும். உயரத்திலிருந்து கொட்டுவதற்கும் மெதுவாகச் சரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் இடையில் இருப்பது. தலைதட்டினால் விளிம்போடு சரி. குவித்தால் விளிம்புக்கு மேலே கூம்பாக நிற்கும் தானியமும் கணக்கில் சேரும். அந்தக் கூம்பின் சரிவைத் தானியமே தீர்மானிக்கிறது; எவ்வளவு கொட்டினாலும் ஒரு கோணத்துக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். கோணம் மாறாததால் கூம்பின் பருமன் முழுக்கப் பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. வாயின் விட்டம் இரண்டு மடங்கானால் குவியல் எட்டு மடங்காகும். தலைதட்டினால் சமமாக இருக்கும் இரண்டு படிகளில், அகன்ற வாய்ப் படி குவித்து அளக்கும்போது அதிகம் தரும். குறுகிய வாய்ப் படி குறைவாகத் தரும். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி என்று வைத்திருந்த வியாபாரிகளைப் பற்றிய பழைய புகார்களுக்குப் பின்னால் இந்த வடிவக் கணக்கு இருக்கிறது.

அளப்பவர் எண்ணும் முறைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் அளவை ‘லாபம்’ என்று சொல்லிப் போடுவார்கள். அடுத்தது இரண்டு, பிறகு மூன்று. எண்ணிக்கை வாய்விட்டுத்தான் நடக்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தவறு நேர்ந்தால் அங்கேயே திருத்தலாம். காகிதம் இல்லாத இடத்தில் குரல்தான் ரசீது.

அளவை நம்பும்படி ஆக்க அரசு செய்த முயற்சிக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைவிட நல்ல சான்று கிடைக்காது. முதலாம் இராசராசன் 1010-இல் முடித்த அந்தக் கோயிலின் சுவர்களில் பொன், மணி, நெல், நெய் எல்லாம் வெறும் எண்ணாக எழுதப்படவில்லை. எந்த அளவையால் அளந்தது என்றும் சேர்த்தே வெட்டப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்கு தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது இராசகேசரி என்னும் அளவுக்குச் சமம் என்ற குறிப்பும் உண்டு. இறைவன் பெயரையும் அரசன் பட்டத்தையும் ஏற்றிவிட்டால் அந்த அளவில் கை வைக்க யாருக்கும் துணிவு வராது.

கோயிலில் பணியாற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் மரக்காலால். இந்த ஒரு வரியை வாய்பாட்டில் போட்டுப் பார்ப்பது சுவையான வேலை. நூறு கலம் என்றால் 1,200 மரக்கால், அதாவது 9,600 நாழி. ஆண்டின் 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 26 நாழிக்குச் சற்று மேல் நெல். நெல்லை அரிசியாக்கும் விகிதத்தையும் அதே கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன: ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. அப்படியானால் ஒரு பங்குக்காரிக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்தரை நாழி அரிசி. ஒருத்தி உண்ணக்கூடிய அளவைவிட இது பல மடங்கு. மீதியில் உப்பும் எண்ணெயும் துணியும் வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் இருந்தவர்களும் உண்டிருக்க வேண்டும். நெல்லே சம்பளமாகவும் பணமாகவும் இருந்த பொருளாதாரத்தின் உருவம் இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தையும் சற்று நின்று பார்க்கலாம். இன்றைய ஆலைகள் நெல்லின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அரிசி எடுக்கின்றன. கல்வெட்டுக் கணக்கோ எடையில் இல்லை, கொள்ளளவில். நெல்லில் உமியும் உமிக்குள் காற்றும் இடத்தை அடைத்துக்கொள்ளும். உமி போன பிறகு அரிசி நெருங்கி உட்காரும். அதனால் கொள்ளளவில் எப்போதும் எடையைவிடக் குறைவாகவே தெரியும். கையால் குத்தி, நொறுங்கியதையும் குறுநொய்யையும் நீக்கி, கோயிலுக்குரிய முழு அரிசியாகத் தேர்ந்தெடுத்தால் ஐந்துக்கு இரண்டு என்பது நியாயமான கணக்குதான். உரலடியில் நின்றவர்களின் அனுபவம் கல்லில் ஏறியிருக்கிறது.

அரசன் பெயர் ஏறிய மரக்காலால் மட்டும் நியாயம் நிலைத்துவிடவில்லை. கூலியை நெல்லாகக் கொடுத்த காலம் முழுவதும் மரக்கால் அதிகாரத்தின் கருவியாகவும் இருந்தது. 1940-களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் உள்ளிட்டோர் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று, முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது. சாட்டையடிக்கும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்த சாணிப்பாலுக்கும் எதிரான கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து வைத்தார்கள் என்றால், விளிம்பு தேய்ந்த மரக்கால் ஒரு குடும்பத்தின் வயிற்றில் எவ்வளவு குறைத்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். 1952-இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்படியும் நெல் கூலி உயர்வுக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். படியைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

ஊருக்கு ஊர் மாறும் அளவுகளுக்கு முடிவு கட்டியது மெட்ரிக் முறை. நாடாளுமன்றம் 1956-இல் எடை அளவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் பதினாறு அணாவிலிருந்து நூறு நயா பைசாவுக்கு மாறியது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ கட்டம் கட்டமாகக் கடைகளுக்கு வந்தது. தானியம் கொள்ளளவிலிருந்து எடைக்கு நகர்ந்ததுதான் இதில் பெரிய மாற்றம். தராசில் குலுக்கலும் குவியலும் வாயகலமும் செல்லாது. அரிசி எப்படிக் கிடந்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். ஏழை வாங்குபவருக்கு இது உண்மையான நன்மை.

சட்டம் மாறினாலும் மக்கள் மனத்தில் படி மாறவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. கடைகளில் கிலோ வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், பசியைப் பற்றிப் பேசும்போது படியில்தான் பேச வேண்டியிருந்தது. அண்ணா முதலமைச்சரானதும் அந்த ஆண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கப்பட்டது. நிதி போதாமல் மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு படி அரிசி என்றால் எத்தனை வாய்க்குச் சோறு என்பதைக் கேட்ட ஒவ்வொருவரும் உடனே கணக்கிட முடிந்தது. கிலோவுக்கு அந்தப் பழக்கம் அப்போது வந்திருக்கவில்லை.

அடுப்படியில் கொள்ளளவு இன்றைக்கும் ஆட்சி செய்கிறது. அரிசிக்கு இத்தனை மடங்கு தண்ணீர் என்ற கணக்கு ஒரே பாத்திரத்தால் இரண்டையும் அளந்தால்தான் எளிதாக வரும். இதற்குத் தராசு தேவையில்லை. அதனால் படி போன இடத்தில் டம்ளர் வந்தது, பிறகு மின்சார ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் வந்தது. அந்தக் கப் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர் பிடிக்கும். அந்த எண் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே அரிசி அளக்கும் பழைய அளவுக்குப் பெயர் ‘கோ’. ஒரு கோ சுமார் 180 மில்லிலிட்டர். பத்து கோ ஒரு ‘ஷோ’, ஆயிரம் கோ ஒரு ‘கொக்கு’. ஓர் ஆள் ஓர் ஆண்டு உண்ணும் அரிசி ஒரு கொக்கு என்று கணக்கு வைத்து, அந்த நாட்டு நிலப்பிரபுக்களின் செல்வத்தையே கொக்கில் மதிப்பிட்டார்கள். ஜப்பானும் 1959-இல் வியாபாரத்தில் பழைய அளவுகளை விலக்கியது. தானியங்கி ரைஸ் குக்கரை அங்கே தோஷிபா நிறுவனம் 1955-இல் விற்கத் தொடங்கியிருந்தது. அதன் வழியாக கோ உலகமெங்கும் சமையலறைகளில் நுழைந்துவிட்டது. ஆழாக்கை மறந்த தமிழ் வீடுகளில் இன்று ஆழாக்கின் வேலையைச் செய்வது கோ.

வழிபாட்டிலும் படி நீடிக்கிறது. மார்கழித் தேய்பிறை அட்டமியில் மதுரையில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எல்லா உயிர்களுக்கும் படியளந்த நிகழ்வாக அட்டமி சப்பரம் வெளி வீதிகளில் வருகிறது. மீனாட்சியின் சப்பரத்தை இழுப்பவர்கள் பெண்கள். வழியெல்லாம் அரிசி தூவப்படுகிறது. பின்னால் வருபவர்கள் அந்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டு அரிசிப் பானையில் போடுகிறார்கள். திருமணங்களில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறைபடி வைக்கும் வழக்கமும் இன்னும் மாறவில்லை. அங்கே அது தலைதட்டிய படியாக இருக்கக் கூடாது. குவிந்துதான் நிற்க வேண்டும்.

இந்த வரலாறெல்லாம் ஒரு வீட்டுப் படியில் அடங்கிவிடுகிறது. அதைச் சீராகக் கொண்டுவந்த பெண் யார், எத்தனை படி பொங்கிய வீடு அது, பஞ்ச காலத்தில் எவ்வளவாகக் குறைத்தார்கள், குடும்பம் பிரிந்தபோது படி யார் பங்குக்குப் போனது என்ற செய்திகள் எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லை. வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. இன்று பழைய படிகள் பித்தளை விலைக்கு எடைக்குப் போகின்றன. உருக்கியபின் கொத்திய பெயரும் மிஞ்சாது, அந்த ஊரின் அளவும் மிஞ்சாது.

வீட்டில் படி இருப்பவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக்கோடு போட்ட ஜாடியில் கொட்டி, எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஒரு படி என்றால் எவ்வளவு என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. படி எந்த ஊரில் புழங்கியது, யாருடையது, எத்தனை பேருக்குப் பொங்கியது என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதிப் படிக்குள்ளேயே போட்டு வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.