கதவைத் தட்டும் வேலை

நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். வரவேற்பறைச் சுவரில் குடியிருப்போரின் உரிமைகளை அச்சிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தரங்கம் காக்கப்படும் உரிமை, சிகிச்சையை மறுக்கும் உரிமை, தனக்கு வந்த கடிதம் பிரிக்கப்படாமல் கைக்கு வரும் உரிமை என்று பட்டியல் நீளமாகவே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் நர்சிங் உதவியாளர்கள் இதையெல்லாம் அன்றாடம் எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

என்னைக் கூட்டிப்போன உதவியாளர் ஹைதி நாட்டிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி. முதல் அறையின் கதவு பாதி திறந்தே இருந்தது. இருந்தாலும் தட்டினார். உள்ளேயிருந்து குரல் வரும்வரை காத்திருந்தார். தன் பெயரைச் சொல்லி, வெளியூர்க்காரர் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார், உள்ளே வரலாமா என்று கேட்டார். முடியாது என்றார் அந்த முதியவர். நான் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டேன். நிர்வாகம் எனக்கு எழுத்திலேயே அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் அது அவருடைய அறை.

அடுத்த அறையில் இருந்த பாட்டி, உடம்பு துடைத்து முடிந்ததும் வரலாம் என்றார். அதுவரை திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “தண்ணீர் சூடு சரியா, தொட்டுப் பாருங்கள்”, “இப்போது இடது கை”, “முதுகுப் பக்கம் திரும்பலாமா” என்று ஒவ்வொன்றையும் உதவியாளர் சொல்லிவிட்டே செய்தார். பாட்டிக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. உள்ளே போனபோது உதவியாளர் இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டி நீலத்தைக் காட்டினார். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, பிறகுதான் நல்ல கை. பொத்தான்களைப் பாட்டியே இடது கையால் போட்டார். ஒவ்வொன்றும் அத்தனை நேரம் எடுத்தது. உதவியாளர் கை நீட்டவில்லை. “நான் போட்டால் அரை நிமிஷம். ஆனால் இது இன்னும் அவரால் முடிகிற வேலை” என்றார் பிறகு என்னிடம். கிளம்பும்முன் கட்டிலைத் தாழ்த்தி, அழைப்பு மணியை இடது கை எட்டும் இடத்தில் வைத்தார். வலப் பக்கம் வைத்திருந்தால் அந்த மணி இருந்தும் பயனில்லை.

இந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோரை நாற்காலியோடும் கட்டிலோடும் கட்டிவைப்பது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 1986இல் வந்த ஓர் அறிக்கை இத்தகைய இல்லங்களின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது, மருந்து கொடுத்து மயக்கிவைக்கவும் கூடாது என்றது அந்தச் சட்டம். உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. இன்றைய விதிகளின்படி, குடியிருப்பவரை யாரோ அடித்தார்கள் என்று புகார் எழுந்தால் இல்லம் 2 மணி நேரத்துக்குள் மாநில அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். உதவியாளர் ஒருவர்மீது குற்றம் உறுதியானால் அவருடைய பெயரோடு அது மாநிலப் பதிவேட்டில் ஏறும். பிறகு எந்த இல்லமும் அவரை வேலைக்குச் சேர்க்க முடியாது.

சில நேரம் உரிமையைக் குடும்பத்தாரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அம்மா விழுந்துவிடுவார், வீல் சேரோடு பெல்ட் போட்டுவிடுங்கள் என்று ஒரு மகன் மன்றாடினாராம். பாசத்தில் கேட்டதுதான். “குடும்பம் கேட்டாலும் கட்ட முடியாது. அந்த அம்மா ஏன் எழுந்திருக்கிறார் என்று கவனித்தோம். பாத்ரூம் போகத்தான். நேரம் பார்த்து நாங்களே கூட்டிப்போக ஆரம்பித்தோம். தானாக எழுவது குறைந்துவிட்டது” என்றார் உதவியாளர். அந்த மகன் கேட்ட பெல்ட்டை விட இந்தக் கவனிப்பு எவ்வளவோ மேல்.

ஆனால் கவனிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நியூ ஜெர்சியில் பகல் ஷிப்டில் 8 பேருக்கு ஓர் உதவியாளராவது இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. இரவில் 14 பேருக்கு ஒருவர். நாடு முழுவதற்கும் பொதுவாக, குடியிருப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் விதி கொண்டுவந்தது. இல்லங்களின் தரப்பு வழக்குப் போட்டது. 2025இல் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்பது இல்லங்களின் வாதம். நான் அதை ஏற்கமாட்டேன். பாட்டி பொத்தான் போடக் காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள் சுவரில் உரிமைப் பட்டியலை மாட்டுவதில் அர்த்தமில்லை.

பெற்றோருக்காக இப்படி ஓர் இல்லம் தேடும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்பறைச் சோபாவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவு ஷிப்டில் ஓர் உதவியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். குறை இருந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே இருக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியுமென்றால் வலி, தண்ணீர், பாத்ரூம், வேண்டாம் ஆகிய சொற்களையாவது உதவியாளருக்குச் சொல்லிக்கொடுங்கள். தன் உடல்நிலையைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை அம்மாவுக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்.