சட்டை அமெரிக்கா... ஆளு யாரு?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. இப்ப மணி என்ன?

பார்த்தீங்களா... கை நேரா பாக்கெட்டுக்குத்தான் போகுது! 'மொபைல் இருக்கிறப்ப வாட்ச் எதுக்கு?'னு நானும் ரெண்டு வருஷமா டயலாக் விட்டவன்தான். போன வருஷம் ஒரு ராத்திரி, மறுநாள் பரீட்சையை வெச்சுக்கிட்டு (அப்பதானே நமக்கு எல்லா ஞானமும் வரும்!) ஒரு படத்தைப் பார்த்தேன். செவ்வகமா, லேசா வளைஞ்சு, தங்க நிறத்துல ஒரு வாட்ச். 1940-கள்ல அமெரிக்காவுல செஞ்ச ஹாமில்டன். அவ்வளவுதான். பரீட்சையும் போச்சு, மனசும் போச்சு.

அடுத்த வாரமே ஆன்லைன்ல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பளபளன்னு கறுப்பு டயல், அதுல 'ஹாமில்டன்'னு எழுத்து, 'நூறு சதவிகிதம் ஒரிஜினல்'னு சத்தியம் வேற. விலை 6,500 ரூபாய். என் கையில இருந்தது 800. வீட்டுக்கு போன் போட்டேன். "ப்ராஜெக்ட்டுக்கு சென்சார் வாங்கணும்மா." அம்மா மறுபேச்சு பேசாம பணம் அனுப்பிட்டாங்க.

வாட்ச் வந்துச்சு. மூணே நாள் ஓடுச்சு. நின்னுபோச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பெட்டிக்கடை சைஸுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. கடைக்கார பாய்க்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். பின்மூடியைத் திறந்து, கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவா சிரிச்சார். "தம்பி, சட்டைதான் அமெரிக்கா. உள்ள இருக்கிற ஆளு வேற."

உள்ளே இருந்த மெஷின்ல ஹாமில்டன்னு ஒரு எழுத்துகூட இல்லை. டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு, பசை போட்டு ஒட்டியிருந்தாங்க. சரியான பல்பு!

ஹாஸ்டல்ல ரூம்மேட் ஐடியா கொடுத்தான். "ஏன்டா அழறே? அதே மாதிரி போட்டோ எடுத்துப் போடு. எவனாவது வாங்குவான்." போட்டேன். 7,000 ரூபாய்னு போட்டேன்! ஒரே நாள்ல ஒரு மெசேஜ். 'அண்ணா, நான் ஃபர்ஸ்ட் இயர். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. ஒரிஜினல்தானே?'

அந்தக் கேள்வியை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியலை. கடைசியில பின்மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். 'இல்லை தம்பி, வாங்காதே.' விளம்பரத்தை எடுத்துட்டேன். அதே சூட்டோட அம்மாவுக்கும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பணம் போனதுகூடப் பரவாயில்லைடா. சென்சார்னு சொன்னே பாரு..."னு நிறுத்திட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். சிலபஸை இல்லீங்க, வாட்ச்சை!

நாமெல்லாம் 'நல்ல வாட்ச்னா சுவிஸ்'னு நினைக்கிறோம். ஆனா, ஒரு காலத்துல சுவிஸ்காரங்களே அமெரிக்காவைப் பார்த்துப் பயந்தாங்க. காரணம், மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கிற வால்தம்ங்கிற ஊர். ஒரு வாட்ச்சோட பாகம் இன்னொரு வாட்ச்சுக்கும் பொருந்துற மாதிரி, இயந்திரத்துல வெட்டிச் செய்யுற முறையை அங்கே 1850-கள்ல இருந்தே வளர்த்தாங்க. 1876-ல் ஃபிலடெல்ஃபியாவுல நடந்த உலகக் கண்காட்சியில இதைப் பார்த்த ஷாக் டேவிட்ங்கிற லான்ஜின் கம்பெனி இன்ஜினீயர், 'நாம மாறலைன்னா காலி'ங்கிற ரேஞ்சுல ரிப்போர்ட் எழுதினார்.

ஹாமில்டன் கதையில ரயில் வரும். 1891-ல் ஒஹாயோ மாநிலம் கிப்டன்ல ரெண்டு ரயில் நேருக்கு நேர் மோதுச்சு. ஒரு ஊழியரோட வாட்ச் நாலு நிமிஷம் நின்னு, மறுபடி ஓடினதுதான் காரணம்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ரயில்வே வாட்ச்களுக்குக் கெடுபிடி வந்துச்சு. வாரத்துக்கு 30 செகண்டுக்கு மேல தப்பக் கூடாது. அடுத்த வருஷமே, 1892-ல், பென்சில்வேனியா மாநிலம் லங்காஸ்டர்ல ஹாமில்டன் கம்பெனி ஆரம்பிச்சு, ரயில்காரங்களோட செல்லப்பிள்ளை ஆச்சு. 1942-ல் கடைக்கு வாட்ச் செய்யறதை நிறுத்திட்டு, ராணுவத்துக்கும் கப்பலுக்கும் கடிகாரம் செஞ்சாங்க. 1969-ல் அமெரிக்காவுல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. இன்னிக்கு ஹாமில்டனும் ஒரு சுவிஸ் பிராண்டு!

இதுல நம்ம தலையில மிளகாய் அரைக்கிற மேட்டர் எங்கேன்னு கேட்கறீங்களா? பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்ங்கிற அந்த நல்ல குணம்தான்! அதனாலதான் 75 வருஷம் கழிச்சும் பாய் மாதிரி ஆட்கள் ரிப்பேர் பண்ண முடியுது. அதனாலேயே பத்து செத்த வாட்ச்சைப் பிரிச்சு ஒரு 'ஒரிஜினல்' செய்யவும் முடியுது. வாங்கறதா இருந்தா இதையெல்லாம் கவனிங்க பாஸ்.

ஒண்ணு, பின்மூடி திறந்த படம் கேளுங்க. 'அதெல்லாம் திறக்க முடியாது'ன்னா அப்படியே எஸ்கேப்! மெஷின்ல கம்பெனி பேரும் நம்பரும் இருக்கணும். அந்த நம்பரை வெச்சுத்தான் ஏறக்குறைய எந்த வருஷம்னு கண்டுபிடிக்கணும். வெளிக்கூட்டைப் பெரும்பாலும் வேற கம்பெனிங்கதான் செஞ்சு கொடுத்தாங்க. அதனால கூட்டுல இருக்கிற நம்பரை நம்பி வருஷம் சொல்லாதீங்க.

ரெண்டு, 'கோல்டு ஃபில்டு'ன்னா முழுத் தங்கம் இல்லை. பித்தளை மாதிரி உலோகத்து மேல தங்கத் தகடு. மூலை தேய்ஞ்சு மஞ்சள் மாறித் தெரியுதான்னு பாருங்க.

மூணு, 75 வயசு டயல் நேத்து அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. மறுபடி பெயின்ட் அடிக்கிறது தப்பில்லை, அதைச் சொல்லாம விக்கிறதுதான் தப்பு.

நாலு, பழைய ஒளிரும் டயல்ல ரேடியம் இருக்கலாம். வெளிச்சம் போயிருக்கும், கதிர்வீச்சு போகாது. அது பாதியாக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து நீங்களே சுரண்டாதீங்க, ப்ளீஸ்!

அஞ்சு, 'ஓடுது'ங்கிறது வேற, 'சர்வீஸ் பண்ணியிருக்கு'ங்கிறது வேற. சர்வீஸ் செலவையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் காசுல, முதல்ல அம்மாவோட கடனை அடைச்சேன். அப்புறம்தான் அடுத்த வாட்ச்.

நியூ ஜெர்சியில இருக்கிற பெரியம்மா பொண்ணு, ஒரு ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில இருந்து வீடியோ காலில் வந்தாள். மேஜையில ரெண்டு ஹாமில்டன். ஒண்ணு ஜொலிக்குது. இன்னொண்ணு டயல்ல டீக்கறை மாதிரி ஒரு திட்டு. "டேய், அந்தப் பளபளப்பானதை வாங்கட்டுமா?"னு கேட்டா.

"அக்கா, ரெண்டையும் திறக்கச் சொல்லு."

ஜொலிக்கிறதுக்குச் சொந்தக்காரர் சாக்கு சொன்னார். கறைபடிஞ்சதை வெச்சிருந்த பெரியவர் உடனே திறந்து காட்டினார். லங்காஸ்டர்ல செஞ்ச 980-ங்கிற மெஷின், 17 ஜூவல்ஸ். நம்பர் 'ஜி' எழுத்துல ஆரம்பிச்சுது, அந்த ரகத்துக்கு அப்படித்தான் இருக்கணும். மூடிக்கு வெளியில சின்னதா 'கிறிஸ்துமஸ் 1948'னு பொறிச்சிருந்தது. யாரோ யாருக்கோ ஆசையா கொடுத்தது. 95 டாலர். நம்ம காசுக்கு எட்டாயிரத்துச் சொச்சம்.

அக்கா ஊருக்கு வந்தப்ப கொண்டுவந்தா. நேரா பாய் கடைக்கு ஓடினேன். திறந்தார், லென்ஸை மாட்டினார், பார்த்தார். "தம்பி, இது ஆளும் அமெரிக்காதான்." சர்வீஸுக்கு 1,200 ரூபாய் வாங்கினார். கூடவே அட்வைஸ்: "தினமும் காலையில ஒரே நேரத்துல சாவி கொடுங்க. மழையில காட்டாதீங்க. கீழே போட்டுடாதீங்க."

ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பின்னாடி போகுது. அந்தக் காலத்து ரயில்வேயா இருந்தா என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பாங்க! அந்த டூப்ளிகேட் வாட்ச்சும் மேஜையிலதான் இருக்கு. யார் தலையிலயும் கட்டலை.

லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப அம்மா கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. காதுகிட்ட வெச்சுக் கேட்டாங்க.

"நல்லாத்தான்டா ஓடுது உன் சென்சார்!"