கரண்ட் போகும் நாளுக்கு ஒரு கணக்கு

ஜூன், திங்கள்

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லூரிச் சேர்க்கைக் காலம் என்பதால் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே நாலு பேர் நிற்கிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஆளுக்கொரு கோப்பு. கடையை நடத்தும் பெண்மணியின் கைப்பேசிக்குக் காலையிலேயே ஒரு குறுஞ்செய்தி வந்துவிட்டது: துணைமின் நிலையப் பராமரிப்புப் பணிக்காகப் புதன்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரிய இன்வெர்ட்டர் போடு என்றார் ஒருவர். ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் கவலையே இல்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சோலார் என்றார். எல்லாம் வாங்கும் பொருளைப் பற்றிய பேச்சு. கடை எத்தனை மணி நேரம் நிற்கிறது, நின்றால் எவ்வளவு போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கடையை நடத்தும் பெண்மணி இரவு அதைத்தான் முதலில் எழுதிப் பார்த்தார். செலவு போக மணிக்குச் சுமார் 300 ரூபாய் மிஞ்சும் என்று வைத்தால், கடை திறந்திருக்கும் ஆறரை மணி நேரத்துக்கு 1,950 ரூபாய். மாதம் ஒரு ஷட்டவுன் என்றால் ஆண்டுக்கு 23,400. ஆனால் அத்தனையும் நஷ்டமாகிவிடாது. சான்றிதழுக்கு வந்தவரில் பாதிப் பேர் மறுநாள் திரும்பி வருவார்கள். ஆக, உண்மையில் போவது ஆண்டுக்கு 12,000 ரூபாயை ஒட்டி. மாற்று மின்சாரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு இதுதான் அளவுகோல். 70,000 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கினால் போட்ட முதலை எடுக்கவே ஆறு ஆண்டுகள் ஓடிவிடும்.

செவ்வாய்

கடையில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கும் நாள். எலெக்ட்ரீஷியன் வந்தார். "அக்கா, மெஷின் பின்னாடி இருக்குற ஸ்டிக்கர்ல வாட்ஸ் பாருங்க. நான் சொல்றதையும் நம்பாதீங்க, விக்கிறவங்க சொல்றதையும் நம்பாதீங்க" என்றார்.

பார்த்தார்கள். மானிட்டரோடு சேர்த்து ஒரு கணினிக்கு 120 வாட் வீதம் இரண்டுக்கு 240. மின்விசிறி 75. எல்இடி டியூப்லைட் இரண்டும் சேர்ந்து 40. இங்க் டேங்க் பிரிண்டர் 15. வைஃபை ரவுட்டர் 10. மொத்தம் 380 வாட். அதற்கப்புறம் மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் இயந்திரம், அது ஒன்று மட்டுமே 1,400 வாட். தாளில் மைத்தூளை உருக்கி ஒட்டவைக்கும் சூடான உருளைதான் அவ்வளவையும் இழுக்கிறது. லேசர் பிரிண்டரிலும் இதே கதைதான்.

இந்த ஒரு வரியில்தான் பல கடைகள் பணத்தை விடுகின்றன. ஜெராக்ஸ் இயந்திரமும் ஓடவேண்டும் என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு பேட்டரி போதாது, இரண்டோ நான்கோ வேண்டியிருக்கும். இன்வெர்ட்டரும் அதற்கேற்பப் பெரிதாகும். செலவு இரண்டு மூன்று மடங்காகிவிடும். அந்த இயந்திரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டால் மீதிக் கடை முழுவதும் 400 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

புதன்

சொன்னபடி 9 மணிக்குக் கரண்ட் போனது. கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டார். மாலையில் கூட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலோர் கேட்டது இணையத்தில் விண்ணப்பம் போடவும், ஒன்றிரண்டு பக்கம் அச்செடுக்கவும்தான். கட்டுக்கட்டாக நகல் எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும், கொடுத்துவிட்டுப் போகிறோம், மாலை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். கூட்டம் இருந்தது 10 மணி முதல் 1 மணி வரை. 2 மணியிலிருந்து மூன்றரை வரை கடை எப்போதும் சாத்தியிருக்கும்.

எதிரே இட்லி மாவுக் கடை. அங்கே அன்று எந்தப் பதற்றமும் இல்லை. கிரைண்டரை விடியற்காலையிலேயே ஓட்டி முடித்துவிட்டார்கள். ஒரு குதிரைத் திறன் மோட்டார் என்றால் 746 வாட். அது கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதை இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் பெரும் செலவு. வேலை நேரத்தை மாற்றியதில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மாவு வைத்திருக்கும் ஃப்ரிட்ஜின் கதவில், வீணாகத் திறக்காதீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. மூடியே இருந்தால் சாதாரண ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்வரை போதிய குளிர்ச்சியோடு இருக்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள்கூடத் தாங்கும், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். மாவுக் கடைக்காரர் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்த நாளில் ஐஸ் கட்டிப் பாளங்களை முந்தின இரவே உறையவைத்து உள்ளே அடுக்கிவிடுகிறார்.

மின்சாரம் இல்லாத நேரத்தில் செய்யவேண்டிய வேலையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு பணம் மிச்சம். பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை இது.

வியாழன்

பேட்டரிக் கடை. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியைக் காட்டினார்கள். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. 380 வாட் கடைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வரவேண்டுமே என்று தோன்றும். வராது.

பேட்டரி மேல் பொடி எழுத்தில் சி20 என்று போட்டிருக்கும். 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால்தான் அந்த 150 ஏஎச் முழுதாகக் கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அதாவது ஏழரை ஆம்பியர், சுமார் 90 வாட். நாம் 380 வாட்டை இழுத்தால் பேட்டரியிலிருந்து 37 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் அதன் கொள்ளளவே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சுமார் 15 விழுக்காட்டை வெப்பமாக இழக்கும். மிஞ்சுவது 1,000 வாட்-மணிக்குச் சற்று மேலே. மூன்று மணி நேரம்கூட முழுதாக ஓடாது. சி10 என்று குறித்த பேட்டரி, அதே 150 ஏஎச்-ஐப் பத்து மணி நேரத்தில் தரவல்லது. விலை கூடுதல், ஆனால் ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு பேட்டரிகள் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும்.

விற்பவர் இரண்டாவது பேட்டரி போடச் சொன்னார். கூட வந்த எலெக்ட்ரீஷியன் வேறு வழி சொன்னார். ஒரு மேசைக் கணினியை எடுத்துவிட்டு மடிக்கணினி வைத்தால் 120 வாட் 50 ஆகும். பழைய மின்விசிறிக்குப் பதில் பிஎல்டிசி விசிறி மாட்டினால் 75 வாட் 30 ஆகும். மொத்தம் 380-லிருந்து 265-க்கு இறங்கிவிடுகிறது. மடிக்கணினி வீட்டில் மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. விசிறிக்கு மட்டும்தான் புதுச் செலவு, அதுவும் ஆண்டு முழுவதும் மின் கட்டணத்தில் திரும்பி வரும்.

இப்போது நேரத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். கூட்டமுள்ள மூன்று மணி நேரம் முழுக் கடையும் ஓடினால் 795 வாட்-மணி. 9 மணியிலிருந்து 10 வரையும், 1 மணியிலிருந்து 2 வரையும், மூன்றரையிலிருந்து 5 வரையும் மடிக்கணினி, ரவுட்டர், பிரிண்டர், விசிறி மட்டும் என்றால் 105 வாட். மூன்றரை மணி நேரத்துக்கு 368. மொத்தம் 1,165-க்குள் முடிகிறது. மெதுவாக இழுப்பதால் பேட்டரி தருவதும் கூடும், ஒரே பேட்டரி ஒரு நாளைக் கடத்திவிடும்.

கடைக்காரர் 2012-ஐ நினைவுபடுத்திக்கொண்டார். அந்த ஆண்டு சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு இருந்தபோது, மற்ற மாவட்டங்களில் 14 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் போன நாட்கள் உண்டு. அப்போது வாங்கிய பேட்டரி சீக்கிரமே கெட்டது. காரணம் இப்போது புரிந்தது. 150 ஏஎச் பேட்டரி காலியானால் மீண்டும் நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் வேண்டும். அரைகுறையாக நிரம்பி, மறுபடி மறுபடி காலியான ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது. காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகின. இன்று தமிழ்நாட்டுக் கடைகள் பார்ப்பது பெரும்பாலும் பராமரிப்பு வெட்டு, பழுது, புயல். மாதம் ஒரு முறை காலியாகி அன்றிரவே நிரம்பும் பேட்டரிக்கு டியூபுலரே போதும். தினமும் பல மணி நேரம் வெட்டு உள்ள இடத்தில்தான், விரைவாக நிரம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு.

வெள்ளி

ஜெனரேட்டர். இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசினால் கஜா வந்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தன. கேரளம் உள்ளிட்ட அண்டை மாநிலங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். சில கிராமங்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும், கைப்பேசிகளுக்கு சார்ஜ் ஏற்றியதும் வாடகை ஜெனரேட்டர்கள்தான். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலைக்குப் பேட்டரியால் பதில் சொல்ல முடியாது. அதற்கு எரிபொருளும் எஞ்சினும் வேண்டும்.

ஆனால் மாதத்தில் ஒரு நாளுக்கு? சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் இரண்டு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் தரும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 50 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 2 கேவிஏ எஞ்சினில் 265 வாட் மட்டும் ஓட்டினால் இன்னும் மோசம், ஏனென்றால் சுமை குறைந்த அளவுக்கு எரிபொருள் குறையாது.

பாக் நீரிணைக்கு அக்கரையில் நடந்தது இன்னொரு பாடம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. அந்நியச் செலாவணி தீர்ந்ததால் அனல்மின் நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. அதே காரணத்தால் பெட்ரோல், டீசல் நிலையங்களிலும் மைல் கணக்கில் வரிசை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். மின்வெட்டுக்கும் மாற்று மின்சாரத் தட்டுப்பாட்டுக்கும் ஒரே காரணம் இருக்குமானால் அந்த மாற்று உதவாது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இரண்டு. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. கடைக்குள்ளோ பாதி மூடிய ஷட்டருக்குப் பின்னாலோ ஓட்டினால் தூக்கம் வருவதுபோல் இருக்கும், பிறகு எழுந்திருக்க முடியாது. இரண்டாவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வயரை நேரே பிளக்கில் செருகுவது. அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். மின்மாற்றி வழியாகப் பின்னோக்கி ஏறி உயர் அழுத்தமாகும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் நமக்காக உழைப்பவரின் உயிரை எடுப்பதை எந்தக் கடைக்காரரும் செய்யக் கூடாது.

சனி

சோலார் ஆசை இன்னும் மிச்சமிருந்தது. தஞ்சை மாவட்டத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். மின் கட்டணம் குறையும், சந்தேகமில்லை. ஆனால் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலார் அமைப்பு, தெருவில் கரண்ட் போன மறுகணம் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கூரையில் வெயில் காயும், கடைக்குள் இருட்டாக இருக்கும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் வெட்டு நேரத்தில் அந்த மின்சாரம் உள்ளே வரும். இதைச் சொல்லாமல் விற்பவர்களிடம் ஏமாந்த சிறு கடைக்காரர்கள் நிறையப் பேர்.

வாடகைக் கடைக்குக் கூரை உரிமையும் கிடையாது. சோலார் தள்ளிப்போனது. வாங்கியது ஒரு சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாய்க்குள் முடிந்தன. சதுர அலை இன்வெர்ட்டர் சில ஆயிரம் மலிவு, ஆனால் அதில் விசிறி இரையும், மோட்டார் சூடாகும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் முறையில் வைத்தால் கரண்ட் போகும் நொடியில் கணினி அணையாது, பாதி நிரப்பிய விண்ணப்பம் பறிபோகாது.

எலெக்ட்ரீஷியன் தனிச் சுற்று இழுத்தார். ஜெராக்ஸ் இயந்திரத்தின் பிளக் பாயிண்ட் அந்தச் சுற்றில் சேரவில்லை, யாராவது மறந்து போட்டாலும் இன்வெர்ட்டர் திணறாது. பேட்டரியைக் காற்றோட்டமுள்ள பின்பக்கம் வைத்தார்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும். வெயில் படாத இடமாகவும் பார்த்தார்கள், ஏனென்றால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். "தண்ணி மட்டும் குறைய விட்டுடாதீங்க அக்கா. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், குழாய்த் தண்ணி ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார் எலெக்ட்ரீஷியன்.

ஞாயிறு

மாடியில் தையல் கடை நடத்துபவர் தன் இயந்திரங்களின் பட்டியலோடு கீழே வந்தார். மூன்று பவர் தையல் இயந்திரங்கள், மூன்றிலும் பழைய கிளட்ச் மோட்டார், ஒவ்வொன்றும் 400 வாட். கால் மிதியை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் கிளட்ச் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். துணியைத் திருப்பும்போதும் நூல் கோக்கும்போதும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சர்வோ மோட்டார் மிதியை அழுத்தினால்தான் ஓடும். அதனால் அவருடைய கணக்கு பேட்டரியில் தொடங்கவில்லை, மோட்டாரில் தொடங்குகிறது. முதல் மாதம் இரண்டு இயந்திரங்களுக்குச் சர்வோ மோட்டார். அவை ஓடும்போது எவ்வளவு இழுக்கின்றன என்று எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் பேட்டரிக் கடைக்குப் போவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை ஷட்டவுன் நாளில் மாடியில் வெட்டும் வேலையும் பட்டன் வைக்கும் வேலையும் நடக்கும், தைப்பது மாலை 5 மணிக்கு மேல்.