உல்லன் தொப்பி, ரேந்தை, ஒரு கால்விரல்: இழை பற்றி ஓர் இழை

1/
"நம்ம ஊரு வெக்கைக்கு உல்லன் தொப்பி எதுக்கு டாக்டர்?" இது இளம் அப்பாக்களின் கேள்வி. "பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடாம ஏன் கெடத்தியிருக்கிய?" இது பாட்டிகளின் கேள்வி. ரெண்டும் ஒரே நாளில் என் ஓ.பி.யில் வரும். ரெண்டுலயும் பாதி உண்மை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் பின்னல் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வாசிச்சுக் காட்டுங்க.

2/
எங்க மாவட்டத்தில் பிரசவத்துக்கு வரும் பையில் பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், அப்புறம் கையால் பின்னிய ஒரு செட் கட்டாயம் இருக்கும்: தொப்பி, சாக்ஸ், கையுறை, சில சமயம் ஸ்வெட்டரும். மஞ்சள் இல்லேன்னா வெள்ளை. ஆணா பெண்ணான்னு தெரியாதுல்ல! பின்னினது பெரும்பாலும் பாட்டி. பனியே பார்க்காத கடலோரத்தில் இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்துச்சு?

3/
ஒரு வேர் நாகர்கோவிலில் இருக்கு. 1819-ல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் இங்கே வந்தாங்க. மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1820-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தோடு ரேந்தை வேலையும் சொல்லிக் கொடுத்தார். ரேந்தைன்னா லேஸ். தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.

4/
அவங்க மகள் எலிசா 1822-ல் பிறந்தவர், தமிழ் நல்லா பேசுவார். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். ஆமா, ஒப்பிலக்கணம் எழுதின அதே கால்டுவெல். எலிசாவோடு ரேந்தை இடையன்குடிக்குப் போச்சு. இந்தப் பக்கம் முளகுமூட்டுக்கு 1897-ல் பெல்ஜியத்தில் இருந்து கன்னியாஸ்திரிகள் வந்தாங்க. அவங்க மடத்திலும் லேஸ், எம்ப்ராய்டரி வேலை வளர்ந்தது. கான்வென்ட், தையல் வகுப்பு, அங்கிருந்து வீட்டுத் திண்ணை. குரோஷா ஊசியும் உல்லன் நூலும் அந்த வழியில்தான் நம்ம பாட்டிமார் கைக்கு வந்து சேர்ந்தன.

5/
இதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளா உறுத்தும். ரேந்தை பின்னின பெண்களில் பலர் தோளில் சீலை போட உரிமை இல்லாத சாதிகளில் பிறந்தவங்க. 1829-ல் வந்த அரசாணை, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்றது. பெரிய கலவரங்களுக்குப் பிறகு 1859-ல்தான் நாடார் பெண்கள் எல்லாரும் மேலே மறைத்து உடுத்தலாம்னு அறிவிப்பு வந்தது. அதிலும் 'மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது' என்று ஒரு கொக்கி!

அதாவது, எங்கேயோ ஒரு சீமாட்டியின் கழுத்துக்குப் பட்டி பின்னின கைக்கு, தன் தோளை மூடச் சண்டை போட வேண்டியிருந்தது. அதே கைவேலைதான் அந்தப் பெண்களுக்குக் கூலியும் தந்தது.

6/
அதனால் ஒரு பாட்டி தன் பேத்திக்குன்னு ஒரு தொப்பி பின்னுவதை நான் லேசா எடுத்துக்கிறதில்லை. விற்க இல்லை, கூலிக்கு இல்லை, தன் வீட்டுப் பிள்ளைக்கு. சரி, இனி மருத்துவம்.

7/
பிறந்த குழந்தை ஈரத்தோடு வெளியே வருது. ஈரம் காயக் காய உடம்புச் சூடு போகும். பெரியவங்களை விட அதன் தலை உடம்போட ஒப்பிட்டா ரொம்பப் பெரிசு. சூடு இழக்கும் பரப்பும் அதிகம். இருக்க வேண்டிய வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். அதுக்குக் கீழே போனா பால் குடிக்கத் திணறும், சர்க்கரை குறையும், குறைமாதப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. நாகர்கோவில் வெயிலிலும் பிரசவ அறை ஏ.சி. இருக்கு, ஃபேன் இருக்கு. ரெண்டு பருவமழையும் கொட்டுற மாவட்டம் வேற.

8/
இதுக்கு முதல் மருந்து அம்மாவின் மார்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய 'கங்காரு' முறை. பிள்ளைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். மீதி உடம்பு அம்மா தோலோடு தோலா. 2021-ல் வெளிவந்த ஆய்வு இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்தது. 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, நிலைமை சீராகட்டும்னு காத்திருக்காமல் பிறந்த உடனே அணைத்ததில், முதல் 28 நாள் மரணம் சுமார் 25% குறைந்தது. பாட்டி பின்னின தொப்பி அந்த வைத்தியத்தில் ஒரு பங்கு. பாட்டிக்கு இங்கே முழு மார்க்.

9/
இப்போ மறுபக்கம். ஒரு ராத்திரி, ரெண்டு மாசக் குழந்தை. மூணு மணி நேரமா ஓயாத அழுகை. பால் வேண்டாம், வயிறு சாதாரணம், காது சாதாரணம், காய்ச்சல் இல்லை. சாக்ஸைக் கழற்றினேன். வலது காலின் மூணாவது விரல் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அடியில், கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு நூல். சாக்ஸின் உள்பக்கத்துப் பிசிறு விரலைச் சுற்றி இறுகியிருக்கு. லென்ஸ் வைத்துத் தேடி வெட்டி எடுத்தோம். விரல் பிழைத்தது. இன்னும் தாமதமா வந்திருந்தா உறுதி சொல்ல முடியாது.

10/
வெளியே வந்தப்போ அப்பாவுக்குக் கோபம். "எல்லாத்தையும் தீயில போடுங்க." பாட்டி சுவரோரம் தலை குனிஞ்சு நின்னாங்க. "எனக்க கையால பிள்ளைக்கு இப்பிடி ஆச்சே டாக்டரம்மா." நான் அந்த அப்பாகிட்ட சொன்னது: "கடைச் சாக்ஸிலும் இதே நடக்கும். அம்மாவோட தலைமுடி சுற்றியும் நடக்கும். தீயில போட வேண்டாம், திருப்பிப் பாருங்க." பாட்டிக்கு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "முடிச்ச நூலை நீளமா உட்டு உள்ள கோர்த்து எடுக்கணும். அவசரத்துல நறுக்கிட்டேன்." வைத்தியத்தின் மீதிப் பாதியை அவங்கதான் எனக்குச் சொன்னாங்க.

11/
பின்னுறவங்களுக்கு:
• சாக்ஸ், கையுறை உள்பக்கம் தொங்கும் நூல் இருக்கக் கூடாது. முனையைக் கோர்த்து மறைங்க. ஒவ்வொரு தடவை போடும் முன்னும் திருப்பிப் பாருங்க.
• கழுத்தில் கட்டும் கயிறு, ரிப்பன், பொத்தான், மணி வேண்டாம்.
• கடையில் 'உல்லன்' என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். வேர்வை குடிக்காது. நம்ம ஊருக்குப் பருத்தி நூல் நல்லது.
• நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. கண்ணாடி போட்டுப் பின்னுங்க.
• ராத்திரி விரல் மரத்துப் போனா மணிக்கட்டு நரம்பு அழுந்துதுன்னு சந்தேகப்படணும். அரைமணிக்கு ஒருக்கா கையை உதறுங்க. தொடர்ந்தா டாக்டரைப் பாருங்க.

12/
பெற்றோருக்கு:
• முதல் நாட்கள், குறைமாதம், எடை குறைவு: தொப்பி அவசியம்.
• நிறைமாதம், நல்ல எடை, வீட்டுக்கு வந்தாச்சு, வெயில் காலம்: தூங்கும்போது தொப்பியைக் கழற்றுங்க. முகத்தில் சரியும், சூடும் ஏறும்.
• தொட்டுப் பாருங்க. வயிறும் பாதமும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் சில்லுன்னா குளிர் பிடிக்குது. ரெண்டுமே சில்லுன்னா மார்போடு அணைச்சுக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி. கழுத்து வேர்த்தா ஒரு உடுப்பைக் குறைங்க.
• காரணம் தெரியாம அழும் குழந்தை: பத்து கைவிரல், பத்து கால்விரல், ஆண் குழந்தைன்னா சிறுநீர் உறுப்பு. எல்லாம் பாருங்க.

13/
எங்க வார்டுப் பைகளில் கையால் பின்னினது குறைஞ்சுகிட்டே வருது. கடையில் செட் கிடைக்குது, தப்பில்லை. ஆனா முனை நூலை எப்படி மறைக்கணும்னு தெரிஞ்ச கைகள் இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போறவங்க ஒரு மதியம் உட்கார்ந்து கத்துக்கோங்க. பசங்களும்தான்.

11-ஐயும் 12-ஐயும் மட்டுமாவது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க.