கோர்க்கில் பிறக்கப்போகிறவளுக்கு ஒரு பேர்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேர்ப் பட்டியல் கிடைத்தது. அதற்குக் கீழே, போகிறபோக்கில் எழுதியதுபோல் ஒரு வரி: “ஐரிஷ் பேர் வெச்சா இவ நம்ம பொண்ணா இல்லாமப் போயிடுவாளா பெரியம்மா?” உங்கம்மாவிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டிருக்கிறாய். ஃபோனில் பேசி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கீவா என்ற பேரை, “நம்ம ஊர்ல யாருக்கும் வாசிக்க வராது, கே, ரெண்டு ஈ, வி, ஏன்னு எழுதிடலாமா?” என்று கேட்டிருந்தாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஐரிஷ் பேர் வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம், மாப்பிள்ளை இஷ்டம். வைத்தால் அதன் எழுத்தோடு வை. அந்த எழுத்துக்காக அந்த ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது கான்வென்டில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சிஸ்டரால். அயர்லாந்தின் கெர்ரிக்காரர். அவருக்கு வெகு காலம் முன்பே, 1842-லேயே, பிரசன்டேஷன் சபைக் கன்னியர்கள் அயர்லாந்திலிருந்து கப்பலேறி மதராஸுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சபையைத் தொடங்கிய நானோ நேகிளின் கல்லறை நீ இருக்கிற கோர்க்கில்தான், டக்ளஸ் தெருவில், இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பாடம் சொல்லித் தருவதே குற்றமாக இருந்த காலத்தில் மறைவாகப் பள்ளிக்கூடம் நடத்தியவர். நானோ என்பதே வீட்டுப் பேர்தான், ஹொனோரா என்பதைச் சுருக்கிக் கூப்பிட்டது. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நீ இன்னும் அங்கே போகவில்லை. பிரசவத்துக்கு முன்னால் ஒருமுறை போய்விட்டு வா.

எங்கள் சிஸ்டர் பிப்ரவரி முதல் தேதி தவறாமல் ஒரு கட்டுக் கோரையோடு வகுப்புக்கு வருவார். பாய் பின்னுகிற கோரைதான். ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை அதன் நடுவில் மடித்து மாட்டி, கால் வட்டம் திருப்புவார். அடுத்ததை மடித்துப் போட்டு மறுபடி கால் வட்டம். போகப்போக நடுவில் ஒரு சதுரம் பின்னிக்கொண்டு வரும், நாலு பக்கமும் நாலு கை நீளும். முனைகளை நூலால் இறுக்கிக் கட்டினால் புனித பிரிஜிட்டின் சிலுவை. கில்டேரில் மடம் கட்டியவள் பிரிஜிட். அன்றைக்கு அவள் திருநாள். ஒரு வருஷம் முடிச்சுப் போட்டுக்கொண்டே, “எனக்கும் அவள் பேர்தான்” என்றார். வீட்டில் ப்ரீட் என்று கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பிரிட்ஜெட். மடத்தில் சேர்ந்தபோது வேறொரு புனிதரின் பேர். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடைசிப் பேர்தான்.

பிறகு சாக்பீஸை எடுத்து, தன் அம்மா காலத்து எழுத்தில் ஐரிஷ் பெண்கள் பேர்களை வரிசையாக எழுதிக் காட்டினார். நீவ், சைவ், மேவ். எழுத்துக்களின் தலையில் புள்ளி இருந்தது! நாங்கள் எல்லோரும் கைதட்டிவிட்டோம். நீ வாசிக்க வராது என்று பயப்படுகிற அந்த ‘எச்’ இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் புள்ளியின் இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான். எம்மின் தலையில் புள்ளி வைத்தால் ‘வ்’ ஓசை, பி-யின் தலையில் வைத்தாலும் ‘வ்’. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பள்ளிப் புத்தகங்களை ரோமன் எழுத்துக்கு மாற்றியபோது புள்ளியை எடுத்துவிட்டு எச் போட்டார்கள். நான் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தபோது 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தில் நம் லை, னை எல்லாம் துதிக்கையை இழந்ததைக் கண்ணெதிரே பார்த்தவள். அதனால் அந்த எச்சைப் பார்த்தால் எனக்குப் பாசம்தான் வரும். டப்ளினில் ஐரிஷ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சானது 1571-ல். கொல்லத்தில் நம் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது 1578-ல். ஏழே வருஷம்! இதை மாப்பிள்ளையிடம் கட்டாயம் சொல்.

அந்தப் பேர்களைப் பாதிரிகளும் குமாஸ்தாக்களும் இங்கிலீஷில் எழுதிக்கொண்ட விதம்தான் கொடுமை. சைவ் என்பவள் பதிவேட்டில் சாலி ஆவாள். சோரஹா, சாரா ஆவாள். ஊனா, வினிஃப்ரெட் ஆவாள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்கள் கோர்க்கின் மேற்கே பாலிவூர்னியில் கோப்னட் என்றொரு புனிதை உண்டு, தேனீக்களின் காவல். நீ கல்லூரித் தேவாலயத்துக்குப் போனபோது எடுத்து அனுப்பினாயே, ஹாரி கிளார்க் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், நீல உடையும் சுற்றிலும் தேனீக்களுமாக, அவள்தான். யார் என்று தெரியாமலே படம் எடுத்திருக்கிறாய். அந்தப் பக்கத்துக் கோப்னட்களைப் பதிவேட்டில் அபிகெய்ல் என்றும் டெபோரா என்றும் எழுதினார்கள். அவர்கள் வீட்டில் கோப்னட், வெளியில் அபிகெய்ல் என்றே வாழ்ந்து செத்தும் போனார்கள். பிரிட்ஜெட்டின் கதை இன்னும் மோசம். அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய் வீட்டு வேலை செய்த ஐரிஷ் பெண்களை, பேர் எதுவானாலும், ‘பிடி’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். பிரிட்ஜெட்டின் சுருக்கம் அது. பெற்றவர்கள் அந்தப் பேரை வைக்கவே கூசினார்கள். இப்போது 2023-லிருந்து அயர்லாந்தில் பிரிஜிட் பேரில் அரசு விடுமுறை விடுகிறார்கள். ஒரு பெண் பேரில் அந்த நாட்டில் விட்ட முதல் விடுமுறை அதுதான். எங்கள் சிஸ்டர் இருந்திருந்தால் வகுப்புக்கே மிட்டாய் வாங்கித் தந்திருப்பார்.

ஆண்களும் தப்பவில்லை. 1905-ல் டோனகால்காரர் ஒருவர், நீயல் மாக் கில்லா வ்ரீதே, தன் வண்டியில் சொந்தப் பேரை ஐரிஷில் எழுதி வைத்ததற்காக அபராதம் கட்ட வேண்டி வந்தது. படிக்க முடியாத எழுத்தாம். அவருக்காக டப்ளினில் மேல்முறையீடு பேசிய இளம் வக்கீல் பாட்ரிக் பியர்ஸ், பின்னால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுடப்பட்டவர். வழக்கு தோற்றது. தன் பேரைத் தன் வண்டியில் எழுதிக்கொள்ளக்கூட வழியில்லாமல் இருந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் உன் அக்கம்பக்கத்தார். அவர்களிடம் போய் ரெண்டு ஈ போட்டுக்கொள்கிறேன் என்று எப்படியம்மா சொல்வாய்?

பட்டியலுக்கு வருகிறேன். ஃபீயா அழகுதான். 2021-ல் அந்த நாட்டில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பேர் அது என்பதற்காகவே முதலில் போட்டிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரெல்லாம் வைக்கிறது என்று பேர் வைப்பார்களா? உன் மாமியாரிடம் போய், அவருடைய பாட்டி பேர் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள். அவருக்கு நினைவில்லை என்றால் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பேரும் வயசும் அதில் இருக்கும். சாலி என்று ஒருத்தி அகப்பட்டால், அவள் சைவாக இருந்தவளா என்று விசாரி. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தேடுங்கள்.

இனி உன் கேள்வி. அந்த ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எல்லாக் குடும்பமும் விடாமல் கடைப்பிடித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பரவலாக இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர். மூத்த மகளுக்கோ, அம்மாவைப் பெற்ற பாட்டி பேர். ஐரிஷ் முறைப்படியே பார்த்தாலும் உன் பொண்ணுக்கு முதலில் வர வேண்டியது உங்கம்மா பேர்தான்! நீ எதை இழந்துவிடுவோம் என்று பயந்தாயோ, அதை அந்த ஊர் வழக்கமே எடுத்து உன் கையில் கொடுக்கிறது. முதலிடத்தை மாப்பிள்ளை வீட்டுக் கொள்ளுப்பாட்டிக்கு விட்டுக்கொடு. உங்கம்மா பேர் அதற்கு அடுத்து வரட்டும், முழுசாக, சுருக்காமல்.

உங்கம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். “என் பேரு அவங்க வாயில நுழையுமா அக்கா?” என்று கேட்டாள். நுழையும். நாம் நீவும் சைவும் கற்றுக்கொண்டால் அவர்கள் இதைக் கற்றுக்கொள்ள மாட்டார்களா? மாப்பிள்ளை இப்போதிருந்தே சொல்லிப் பழகட்டும்.

பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். படிவத்தை நீயே கையில் வாங்கி எழுத்து எழுத்தாகப் பார். பேரில் நெடில் கோடு இருந்தால் அது சரியான உயிரெழுத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று கவனி. சந்தேகமாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா