அறிந்தும் சொல்லாத அகிமாஸ்



நம் சபையின் மகள் ஒருத்தி சென்னையில் இதழியல் படிப்பை இந்த மாதம் நிறைவு செய்கிறாள். மூன்று ஆண்டுகளும் கல்லூரியின் மாணவர் இதழில் எழுதியவள். விடைபெறும் மாணவர்கள் அந்த இதழுக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதுவது வழக்கமாம். தன்னுடையதை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய அனுமதியோடு அதைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

கட்டுரையின் முதல் பக்கம் நீங்கள் எதிர்பார்ப்பதுபோலவே இருக்கிறது. விடுதி அறை, கலைவிழா, நள்ளிரவுவரை விழித்திருந்து பக்கம் அமைத்தது, மற்றவர்களுக்குமுன் செய்தியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற போட்டி. பிறகு திடீரென்று நம் ஊர்ப் பக்கம் திரும்பிவிடுகிறாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுபோக, சுமார் 800 பயணிகள் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். தாமிரபரணி கரை மீறி ஓடியது. மின்சாரம் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த இந்தப் பிள்ளை, நீர் சற்று வடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஏரல் பக்கத்துக் கிராமங்களுக்குப் புறப்பட்டாள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று கேட்டு எழுதத்தான் போனாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த மூதாட்டி அவளைத் தடுத்து நிறுத்தினார். "ஏ பிள்ள, இதை எழுதி என்ன செய்யப்போற? எம் மவன் திருப்பூர்ல கெடந்து தவிப்பான். நான் உசுரோட இருக்கேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிருவியா?" என்று கேட்டு, சுருக்குப்பையிலிருந்து எண் எழுதிய சீட்டை நீட்டினார். அதைக் கண்ட மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். மாலைக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களும் எண்களும் நோட்டில் சேர்ந்தன. தொடர்பு கிடைக்கும் இடம்வரை நடந்துபோய் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னாள். ஜனவரி இதழில் வெளிவந்த தன் வெள்ளக் கட்டுரையை யார் வாசித்தார்கள் என்று தனக்குத் தெரியாது, இந்த நாற்பது பேரைத் தெரியும் என்று எழுதுகிறாள். லூக்காவும் தன் சுவிசேஷத்தை, எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தீர விசாரித்து, தெயோப்பிலு என்ற ஒருவருக்கே எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் எனக்கு அனுப்பியது இதற்காக அல்ல. அந்தப் பெயர்களில் ஒன்று, தகப்பனை வெள்ளத்தில் இழந்த மகனுடையது. அவனுக்கு அவள் பொய் சொல்லவில்லை; மரணத்தையும் சொல்லவில்லை. "உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்த ஊர் உபதேசியாரைத் தேடிப்போய், மகன் வந்து இறங்கும்போது தாய்மாமனோடு அங்கே காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டாள். "உண்மையைச் சொல்லத்தானே ஐயா மூன்று வருடம் படித்தேன்? நான் செய்தது சரியா?" என்பதே அவளுடைய கேள்வி.

2 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். போர் முடிந்து, தாவீதுக்குச் செய்தி கொண்டுபோக அகிமாஸ் துடிக்கிறான். ராஜகுமாரன் இறந்துவிட்டபடியால் இன்று வேண்டாம் என்று யோவாப் தடுத்து, கூஷியை அனுப்புகிறான். அகிமாஸ் விடாமல் கெஞ்சி, சமபூமி வழியாய் ஓடி, கூஷியை முந்திவிடுகிறான். வாசலில் அமர்ந்திருந்த தகப்பன் அப்சலோமைக் குறித்துக் கேட்டபோதோ, ஒரு பெரிய சந்தடியைக் கண்டதாகவும், இன்னதென்று அறியேன் என்றும் சொல்லி விலகி நிற்கிறான்.

செய்தியில்லாமல் ஓடியவன் என்று பிரசங்கங்களில் அகிமாஸைக் கடிந்துகொள்வது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவனிடம் செய்தி இருந்தது, யோவாபே சொல்லியிருந்தான். தகப்பனின் முகத்தைக் கண்டதும் நா எழவில்லை. பின்னால் வந்த கூஷி உண்மையைச் சொன்னான். ராஜாவின் சத்துருக்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைப்போல் ஆகட்டும் என்றான். தாவீதின் முகத்தை அவன் பார்த்தானா என்பதே சந்தேகம். ஒருவன் தகப்பனைப் பார்த்து உண்மையை விழுங்கினான். மற்றவன் தகப்பனைப் பாராமல் உண்மையைப் போட்டுடைத்தான். வாசலின் மேல்வீட்டில் தாவீது அழுதபோது அருகில் யாரும் இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

நம் பிள்ளை உண்மையை மறைத்துவிட்டு விலகி நிற்கவில்லை. அது சொல்லப்படும்போது கைபிடிக்க ஆள் இருக்கும்படி செய்தாள். சரி என்றே அவளுக்கு எழுதினேன். அச்சில் வருவதற்கு வேறு கணக்கு உண்டு, அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவோ கூட்டவோ உனக்கு அதிகாரமில்லை என்றும் சேர்த்து எழுதினேன். (அவளுடைய தகப்பனாருக்கு இன்னும் வருத்தம்தான், வங்கித் தேர்வு எழுதியிருக்கலாம் என்கிறார். ஊழியத்துக்குப் போகிற பிள்ளையை மட்டும் அழைப்புப் பெற்றவள் என்று சொல்லி, நிருபராகப் போகிறவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று நினைப்பது நம் சபைகளின் பழைய வழக்கம்.)

ஜூன் மாதம் ஒரு செய்தி நிறுவனத்தில் பயிற்சி நிருபராகச் சேருகிறாள். நிமிடக் கணக்கில் முந்துகிற இடம் அது. வரும் ஞாயிறு ஆராதனையில், படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் வேளையில் அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபக்குறிப்பில் தன் பெயரோடு அந்த மகனையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள்.